ரத்தக் கொடையாளருக்கு சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. எலிசா: முதல்முறை செய்பவர்களுக்கு

சைட்டோமெகலோ வைரஸ் (சி.எம்.வி.) நம் ஊர்ப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதோ வந்திருக்கும். எதிர்ப்புச் சக்தி உண்டான பிறகும் வெள்ளணுக்களுக்குள் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். அதனால், குறைமாதத்தில் ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே பிறந்த குழந்தைக்கு ரத்தம் ஏற்ற, பழைய தொற்றைக் காட்டும் ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி இல்லாத கொடையாளரைத் தேடுகிறோம். ரத்த வங்கியின் கட்டாயப் பரிசோதனைகளில் இது கிடையாது. எலிசா முறையில், அதாவது ஆன்டிபாடி இருந்தால் நிறம் காட்டும் சோதனையாக, தனியாகச் செய்ய வேண்டும்.

சிவப்பு மூடிக் குழாயில் 4 மி.லி. எடுத்து, அரைமணி நேரம் நிமிர்த்தி வைத்து உறைய விடுங்கள். மன்னார்குடியில் கேம்ப், தஞ்சாவூரில் லேப் என்றால், சித்திரை வெயிலில் குழாய்கள் ஐஸ் பெட்டியில்தான் வர வேண்டும். ஐஸ் நேரே பட்டால் சிவப்பணு உடையும். நடுவில் ஒரு துணி வையுங்கள். வந்ததும் சென்ட்ரிஃபியூஜில் 3000 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சுழற்றுங்கள். சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டும். சிவந்திருந்தால் மறுபடி ரத்தம் எடுப்பதே நல்லது.

எலிசா கிட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி கழித்துத் திறங்கள். ஐப்பசி மழையில், குளிர்ந்த பையை உடனே பிரித்தால் பிளேட்டின் கிணறுகளில் (சிறு குழிகளில்) ஈரம் கோத்துக்கொள்ளும். மீதி ஸ்டிரிப்பை (கிணற்று வரிசையை) சிலிக்கா பொட்டலத்தோடு மூடுங்கள்.

பெரும்பாலான கிட்டுகளில் 10 மைக்ரோலிட்டர் சீரத்துக்கு 1 மி.லி. டைலுயன்ட் (நீர்க்கச் செய்யும் கரைசல்). அதில் 100 மைக்ரோலிட்டரைக் கிணற்றில் விட்டு, கிட்டோடு வரும், முடிவு தெரிந்த கன்ட்ரோல் மாதிரிகளோடு 37 டிகிரியில் வையுங்கள். எத்தனை நிமிடம் என்பதற்குக் கிட் தாள் சொல்வதே கணக்கு.

பிறகு கழுவுதல். தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு முறையும் 300 மைக்ரோலிட்டருக்குக் குறையாமல், கிணறு விளிம்புவரை நிரம்பட்டும். கவிழ்த்து, டிஷ்யூ மேல் நன்றாகத் தட்டுங்கள். அடுத்து விடும் கான்ஜுகேட் (நிறம் வரவைக்கும் பெராக்ஸிடேஸ் நொதி ஒட்டிய ஆன்டிபாடி) அடியில் ஒரு சொட்டு தங்கினாலும் நெகட்டிவ் கிணறு நீலமாகிவிடும். அபூர்வமாகக் கிடைத்த கொடையாளரை இழந்துவிடுவீர்கள். கழுவும் கரைசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. நாகப்பட்டினம் பக்கத்து உப்பு போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சோடியம் அசைடு கலந்த எதையும் சேர்க்காதீர்கள். பெராக்ஸிடேஸ் செத்துவிடும், பாசிட்டிவ்கூட நிறம் காட்டாது.

கான்ஜுகேட், மறுபடி கழுவல், இருட்டில் டி.எம்.பி. (நொதி பட்டால் நீலமாகும் கரைசல்). கிட் தாள் சொல்லும் நேரம் ஆனதும் ஸ்டாப் சொல்யூஷன்; நீலம் மஞ்சளாகும். எலிசா ரீடரில் 450 நானோமீட்டரில் படியுங்கள். கன்ட்ரோல் எல்லைக்குள் வராவிட்டால் முழு பிளேட்டும் செல்லாது. பாசிட்டிவ், நெகட்டிவைப் பிரிக்கும் கட்-ஆஃபை ஒட்டி நிற்கும் மாதிரியை மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் அங்கேயே நின்றால் குழந்தைக்கு வேண்டாம்.

புதிதாகத் தொற்றியவருக்கு ஐ.ஜி.ஜி. வரச் சில வாரம் ஆகும். ஆகவே பழைய நெகட்டிவை நம்பாமல் ஒவ்வொரு தானத்திலும் பாருங்கள். அந்த இடைவெளியில் தப்பிவிடலாம் என்பதால், நெகட்டிவ் வந்தாலும் வெள்ளணு வடிகட்டிய பையையே கொடுங்கள்.

பாசிட்டிவ் வந்தவரிடம், “உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க, உங்க ரத்தம் மத்தவங்களுக்குத் தாராளமா ஆகும், அடுத்த தடவையும் வாங்க” என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் வைரஸ் பெயரைச் சொல்லுங்கள்.