கிறிஸ்தவ நாவலுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? காதல், மர்மம், வரலாறு கலந்த கதைகளுக்கு ஒரு செய்முறை

வேலூர் பக்கம் கிறிஸ்தவ நாவல் வாசிக்கிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள். சபைப் புத்தக மேசையில் வாங்குகிறவர்கள், காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்வரும்போது கிண்டிலில் ஆங்கில நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவர்கள், சித்தி அலமாரியில் வைத்திருப்பதை லீவில் எடுத்துப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள். ஆனால் படித்ததைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் "மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது, எல்லாரும் வாசிக்க வேண்டும்" என்பதோடு நின்றுவிடுகிறது. அதில் பொய் இல்லை, ஆனால் அதை வைத்து முந்நூறு நானூறு ரூபாய் கொடுத்து வாங்கலாமா என்று யாரும் முடிவு செய்ய முடியாது. பக்திக் கதை என்பதற்காக மதிப்பெண் கூட்டிப் போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். விசுவாசத்தைக் கதையாக எழுதுவது கஷ்டமான வேலை, அந்த வேலையை நன்றாகச் செய்தவருக்கும் ஏனோதானோவென்று செய்தவருக்கும் ஒரே பாராட்டு கிடைத்தால் நன்றாக எழுதியவருக்குத்தான் அநியாயம்.

இந்த வகைக் கதைகளில் விசுவாசம், காதல், மர்மம், வரலாறு என்று நாலு இழை ஒன்றாக ஓடும். விமர்சகரின் வேலை, இந்த நாலும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா, இல்லை பக்கத்தில் பக்கத்தில் சும்மா கிடக்கின்றனவா என்று பார்ப்பதுதான். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழி.

படி 1: இரண்டு முறை வாசியுங்கள்

முதல் முறை சாதாரண வாசகராக, கையில் ஒன்றும் இல்லாமல். எங்கே தூக்கம் கெட்டது, எங்கே பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகத் தோன்றியது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இரண்டாம் முறை பென்சிலோடு. ஓரத்தில் வி, கா, ம, வ என்று நாலு குறி போட்டுக்கொண்டே போங்கள். கிண்டில் செயலியில் நாலு நிறம் இருக்கிறது, ஒவ்வொரு இழைக்கும் ஒரு நிறம் வைத்துக்கொள்ளலாம். முடித்த பிறகு புரட்டிப் பார்த்தால், நூறு பக்கத்துக்கு "ம" ஒன்றுகூட வராமல் கடைசி முப்பது பக்கத்தில் குவிந்து கிடப்பது தெரியும். விமர்சனத்தின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

விளக்குவதற்காக நானே ஒரு கதையைக் கற்பனை செய்கிறேன். 1877, தாது வருஷப் பஞ்சம். ராணிப்பேட்டையில் மிஷன் பெண்கள் பள்ளி ஆசிரியை ராகேல். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கும் அரிசி மூட்டைகள் கஞ்சித் தொட்டிக்கு வந்து சேருவதற்குள் குறைகின்றன. பழி சபையில் போதிக்கிற வயதான உபதேசியார் மேல் விழுகிறது. தாலுகா கச்சேரி குமாஸ்தா வேலாயுதம் கணக்கை விசாரிக்க வருகிறான், அவனுக்கும் ராகேலுக்கும் இடையில் அன்பு வளர்கிறது. இனி இந்தக் கதையை வைத்தே பேசுவோம்.

படி 2: விசுவாசம் கதைக்குள் வேலை செய்கிறதா?

இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. வசனங்கள், ஜெபங்கள், பிரசங்கங்கள் எல்லாவற்றையும் மனதில் அடித்துவிட்டு, கதை அப்படியே நடக்குமா என்று கேளுங்கள். நடக்கும் என்றால் விசுவாசம் மேலே ஒட்டிவைத்ததுதான், அதைத் தயங்காமல் எழுதலாம். ராகேலுக்கு ஒரு இரவில் உண்மை தெரிகிறது: மூட்டைகளை விற்றவர் பள்ளிக்கு நிலம் கொடுத்த பெரியவர். சொன்னால் உபதேசியார் தப்புவார், ஆனால் கஞ்சித் தொட்டியை மூடிவிடுவார்கள், நாளைக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் இருக்காது. அவள் முழங்கால் போடுகிறாள். இப்போது ஆசிரியர் என்ன செய்கிறார்? அவளுக்கு ஒரு வசனம் நினைவுக்கு வந்து உடனே மனம் லேசாகிவிட்டால் அது சுலபமான வழி. ஜெபித்து எழுந்த பிறகும் பயம் போகாமல், அந்தப் பயத்தோடேயே அதிகாலையில் பெரியவர் வீட்டுத் திண்ணைக்கு நடந்து போகிறாள் என்றால், அந்த ஜெபம் அவள் காலை நகர்த்தியிருக்கிறது. அந்தப் பக்க எண்ணைக் குறித்து வையுங்கள், விமர்சனத்தின் நடுவே வரவேண்டிய காட்சி அதுதான்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பஞ்ச காலத்தில் கஞ்சிக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஒரே ஜனம்தான் வந்து நின்றது. அதை ஆசிரியர் நேர்மையாகக் கேட்கிறாரா, இல்லை எல்லாரும் மனம் திரும்பினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாரா? பிற மதத்தவர் எல்லாரையும் வில்லனாகவோ இருட்டில் தவிக்கிறவராகவோ மட்டும் காட்டுகிற கதைகளும் இருக்கின்றன. ஒரே கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மசூதியும் தேவாலயமும் இருக்கிற ஊர்க்காரர்களாகிய நமக்கு அது பொய்யான உலகமாகத் தெரியும், தெரிந்தால் எழுத வேண்டும். எந்தச் சபைப் பின்னணியில் எழுதியது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வாசகர், ஆம்பூர் பக்கத்து லுத்தரன் வாசகர், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேக்காரர் எல்லாரும் ஒரே கண்ணோடு வாசிப்பதில்லை.

படி 3: காதல்

இந்த வகையில் காதல் அடக்கமாகத்தான் இருக்கும், படுக்கையறைக் காட்சி வராது. அது இந்த வகையின் வழக்கம், அதைக் குறையாக எழுதாதீர்கள். தடை எது என்று மட்டும் பாருங்கள். ஒரு கடிதம் கை மாறிப் போனதால் ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள் என்றால் அது மெலிந்த தடை. வேலாயுதம் ராகேலின் தேவனை நம்பவில்லை, நம்பியது போல நடிக்கவும் அவனுக்கு மனமில்லை என்றால் அது கனமான தடை. அதைக் கடைசி அத்தியாயத்தில் ஒரு ஞானஸ்நானத்தால் சட்டென்று தீர்த்து, மறு வாரமே கல்யாணமும் வைத்துவிட்டால், அவன் யாருக்காக முழுகினான் என்ற கேள்வி வாசகருக்கு வரும். நீங்களும் அதைக் கேளுங்கள்.

அப்புறம் சாதி. சாதி அந்தக் காலத்துச் சபைக்குள்ளும் இருந்தது, மிஷனரிகள் அதோடு மல்லுக்கட்டியதும் நடந்தது. 1877-ல் ஒரு கல்யாணப் பேச்சு முழுவதிலும் அது தலைகாட்டவே இல்லையென்றால் ஆசிரியர் ஒதுங்கிப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

படி 4: மர்மம்

பாதிப் புத்தகத்தில் நிறுத்தி, யார் செய்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். முடித்த பிறகு எடுத்துப் பார்த்தால் துப்புகள் நியாயமாகக் கண்ணில் பட்டனவா என்று தெரியும். கனவிலோ தரிசனத்திலோ குற்றவாளியின் பெயர் வந்தால் அதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. தேவன் பேசமாட்டார் என்பதற்காக அல்ல. கூடவே தேடிக்கொண்டு வந்த வாசகருக்கு அந்தத் துப்பு கடைசிவரை கையில் கிடைக்கவே இல்லையே! ஜெபம் ராகேலுக்குத் தைரியம் கொடுக்கட்டும், கிழிந்த கணக்குப் பக்கத்தை அவள் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

விமர்சனத்தின் கதைச் சுருக்கத்தில் முதல் கால்வாசிக்கு மேல் சொல்லாதீர்கள்.

படி 5: வரலாற்றைச் சரிபாருங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இருக்கிற பலமே இதுதான். வெளியூர் விமர்சகருக்குத் தெரியாதது நமக்குப் பார்த்தவுடன் தெரியும். சித்திரை வெயிலில் நாயகனும் நாயகியும் பாலாற்றில் படகு விட்டால் நாம் புத்தகத்தை மூடிவிட மாட்டோமா?

ஆண்டுகளையும் அப்படியே பாருங்கள். சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் 1856-ல்தான் வந்தது. அதனால் நம் ராகேல் 1877-ல் அந்த ஸ்டேஷனில் இறங்கலாம், 1850-ல் நடக்கிற கதையின் நாயகி இறங்க முடியாது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் 1846-ல் கட்டியது, அதனால் 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சிக் கதையில் அங்கே ஆராதனை நடக்க முடியாது. அந்தப் புரட்சியை வைத்து எழுதுகிறவர்கள் வாரக்கணக்கில் முற்றுகை நடந்தது போல இழுப்பார்கள். நடந்தது ஜூலை 10 விடியுமுன் தொடங்கியது, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கோட்டையைப் பிடித்துவிட்டார். புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் தடை, இதெல்லாம் தங்களைக் கிறிஸ்தவராக்கும் ஏற்பாடோ என்று சிப்பாய்களுக்கு வந்த பயம் என்று பல காரணங்கள் அதன் பின்னால் உண்டு. கிறிஸ்தவ நாவலாசிரியர் கடைசிக் காரணத்தை மறைத்தால் அது பெரிய குறை, கட்டாயம் எழுதுங்கள்.

ஆஸ்பத்திரிக் கதைகள் இந்தப் பக்கம் அதிகம். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார், மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 1902-ல் வந்தது, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல். ஆண் மாணவர்களைச் சேர்த்தது 1947-ல். ஆகவே 1930-ல் வேலூரில் டாக்டருக்குப் படிக்கிற நாயகன், எவ்வளவு அழகனாக இருந்தாலும், அங்கே இருக்க வாய்ப்பில்லை. அதேபோல சி.எஸ்.ஐ. உருவானது 1947 செப்டம்பர் 27. அதற்கு முந்தின கதையில் யாராவது "எங்கள் சி.எஸ்.ஐ. சர்ச்" என்று சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், பிறகு 1908-ல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபை என்று அதற்கு முன்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

ஒரே இரவில் மூன்று வீட்டுப் பிரசவத்துக்கு அழைப்பு வந்து, ஆண் டாக்டர் கூடாது என்று மூன்று பெண்களும் இறந்துபோன திண்டிவனத்துச் சம்பவம்தான் ஐடாவை டாக்டராக்கியது. பெயரை மாற்றி அந்தச் சம்பவத்தை எடுத்துக்கொள்கிற கதையைப் பார்த்தால், பின்னுரையில் ஆசிரியர் அதை ஒத்துக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

எல்லாத் தவறும் ஒரே எடை இல்லை. ஒரு தெருப்பெயர் பிசகினால் ஒரு வரி போதும். கதையின் முடிச்சே நடக்க முடியாத ஒன்றின் மேல் நின்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

படி 6: எழுத உட்காருங்கள்

முந்நூறிலிருந்து நானூறு சொல் போதும். முதல் வரியிலேயே உங்கள் தீர்ப்பு தெரிய வேண்டும், கதைச் சுருக்கம் நாலைந்து வரி, பிறகு மனதில் நின்ற ஒரு காட்சி, பிறகு குறை, கடைசியில் யாருக்குப் பிடிக்கும் என்று. நம் கற்பனை நாவலுக்கு நான் இப்படித் தொடங்குவேன்:

"பஞ்சத்தை எழுதத் தெரிந்த ஆசிரியருக்குக் கல்யாணத்தை எழுதப் பொறுமை இல்லை. அரிசி மூட்டைகள் எங்கே போயின என்ற கேள்வி முதல் அத்தியாயத்திலேயே நம்மைப் பிடித்துக்கொள்கிறது, கணக்குப் புத்தகத்தின் கிழிந்த ஓரத்தை ராகேல் விரலால் தடவிப் பார்க்கும் காட்சியில் துப்பு நம் கண்முன்னே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. உண்மையைச் சொல்வதா, பிள்ளைகளின் கஞ்சியைக் காப்பதா என்று அவள் தவிக்கிற இரவு இந்த நாவலின் உயிர். ஆனால் இருநூறு பக்கம் கேள்வி கேட்ட வேலாயுதம் கடைசி பத்துப் பக்கத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் மாறிவிடுகிறான், அவனை நம்பிக் கூடவே வந்த எனக்கு அது ஏமாற்றம்."

"அருமை", "உருக்கம்" போன்ற சொல் எதுவும் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் காட்சியைக் காட்டியே சொல்லலாம். நட்சத்திரம் போடுகிற இடமென்றால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே தவிக்காமல், இதை இன்னொருவருக்குக் கடன் கொடுப்பேனா என்று கேட்டுப் போடுங்கள்.

படி 7: போடுவதற்கு முன்

புத்தகம் இலவசமாக வந்ததா, எழுதியவர் உங்கள் சபைக்காரரா, சொந்தக்காரரா? அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். வேலூர் மாதிரி ஊரில் எழுதியவர் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்திருக்கக்கூடும், அதனால் தயக்கம் வருவது இயல்பு. குறையை எழுதும்போது புத்தகத்தைப் பற்றி எழுதுங்கள், எழுதியவரின் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். ஒருவர் காட்சியை அவசரமாக முடித்தார் என்று உங்களால் காட்ட முடியும், அவர் ஆவிக்குரிய வாழ்க்கையை எடைபோடுவது நம் வேலை இல்லை.

ஆசிரியர் போன் செய்து வருத்தப்பட்டால் பொறுமையாகக் கேளுங்கள். "எந்தப் பக்கம் அண்ணா?" என்று அவரையே கேட்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துப் பேசுங்கள். ஆண்டையோ பெயரையோ நீங்கள் தப்பாகப் போட்டிருந்தால் அன்றைக்கே திருத்தி, திருத்தியதை அடியில் குறிப்பிடுங்கள். கருத்து மட்டும்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அது அப்படியே இருக்கட்டும்.