ஏற்கெனவே உள்ள மருந்துகளை வைரஸுக்கு எதிராகக் கணினியில் சலித்தெடுப்பது எப்படி?

ஒரு மருந்தைப் புதிதாக உருவாக்கி நோயாளியின் கைக்குக் கொண்டுசேர்க்கப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிடுகிறது. கொள்ளைநோய் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. ஆகவே, பாதுகாப்பான அளவும் பக்கவிளைவுகளும் தெரிந்துவிட்ட மருந்துகளில் ஏதேனும் ஒன்று புதிய வைரஸுக்கும் உதவுமா என்று தேடுகிறார்கள். இதன் முதல் சலிப்பைக் கணினியிலேயே செய்துவிடலாம்: ஒவ்வொரு மருந்து மூலக்கூறையும் வைரஸ் புரதத்தின் குழியில் மென்பொருள் பொருத்திப் பார்த்து, எவ்வளவு வலுவாக ஒட்டும் என்பதற்கு ஒரு மதிப்பெண் தருகிறது. தேவையான மென்பொருள்களும் தரவுகளும் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. மென்பொருளை ஓட்டுவது எளிது, அது தரும் மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தீர்மானிப்பதுதான் கடினம் என்பதால், இங்கே சரிபார்ப்பைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் இலக்குப் புரதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வைரஸ் பெருகுவதற்கு அது இன்றியமையாததாகவும், மருந்து மூலக்கூறு பொருந்தக்கூடிய ஆழமான குழியைக் கொண்டதாகவும், முப்பரிமாணக் கட்டமைப்பு சோதனை வழியில் கண்டறியப்பட்டதாகவும் இருப்பது நல்லது. கோவிட்-19 வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸ் (புரதங்களை வெட்டும் நொதி) இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. எபோலாவில், மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டோரெமிஃபின் அந்த வைரஸின் மேற்புறக் கிளைக்கோபுரோட்டீனில் (சர்க்கரை இணைந்த புரதத்தில்) எந்த இடத்தில் அமர்கிறது என்பது 2016இல் படிகக் கட்டமைப்பாகவே வெளியாகியிருக்கிறது.

கட்டமைப்புகளைப் புரோட்டீன் டேட்டா பேங்க் என்னும் பொதுத் தரவுத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2020இன் தொடக்கத்தில் எண்ணற்ற ஆய்வுகள் கோவிட் புரோட்டியேஸின் '6எல்யு7' என்ற கட்டமைப்பை எடுத்துக்கொண்டன. அதிலுள்ள என்3 என்னும் தடுப்பான், 145ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தோடு சகப்பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. ஆட்டோடாக் வினா போன்ற பொருத்திப் பார்க்கும் மென்பொருள் வழக்கமான முறையில் சகப்பிணைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே சோதித்துப் பார்ப்பதற்கு, சகப்பிணைப்பின்றி எக்ஸ்77 என்ற மூலக்கூறு அமர்ந்திருக்கும் '6டபிள்யு63' போன்ற கட்டமைப்பே மேல்.

தயாரிப்பு வேலை சலிப்பூட்டும், ஆனால் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன. புரதத்தில் ஹைட்ரஜன்களைச் சேர்த்து, குழியிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தில் எந்த நைட்ரஜன் ஹைட்ரஜனைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். டிரக்பேங்க், சிங்க் ஆகிய மூலக்கூறுத் தொகுப்புகளிலிருந்து எடுக்கும் மருந்துகளில் குளோரைடு போன்ற உப்புப் பகுதி ஒட்டியிருந்தால் ஆர்டிகிட் என்னும் வேதியியல் மென்பொருளால் நீக்கிவிட்டு, ஓப்பன் பேபல் என்னும் மென்பொருள் கொண்டு, இரத்தத்தின் பி.எச். ஆன 7.4இல் அவை இருக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆயிரக்கணக்கான மருந்துகளை ஓட்டுவதற்கு முன்பு இரண்டு சோதனைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். கட்டமைப்பில் ஏற்கெனவே இருக்கும் மூலக்கூறை வெளியே எடுத்து மீண்டும் பொருத்தச் சொன்னால், உண்மையான நிலையிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) விலகலோடு அது திரும்பி அமர வேண்டும். அடுத்து, வேலை செய்யும் என்று தெரிந்த தடுப்பான்களை, அவற்றைப் போலவே எடையும் மின்னூட்டமும் கொண்ட போலி மூலக்கூறுகளோடு கலந்து கொடுத்தால், உண்மையானவை பட்டியலின் மேல்பகுதிக்கு வர வேண்டும். இவற்றில் தோல்வியடைந்த அமைப்பைக் கொண்டு மேலே செல்வதில் பொருளில்லை.

மதிப்பெண்ணைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். அது பிணைப்பு ஆற்றலின் மதிப்பீடு, மைனஸ் பக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வலுவான பிணைப்பு என்று பொருள். வினாவை உருவாக்கியவர்களே அதன் கணிப்பின் நியமப்பிழை மோலுக்கு ஏறத்தாழ 2.85 கிலோகலோரி என்று 2010இல் எழுதினார்கள். பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாறுவதற்கு 1.4 கிலோகலோரி வித்தியாசமே போதும். அப்படியிருக்க, மைனஸ் 8.9 பெற்ற மருந்து மைனஸ் 8.4 பெற்றதைவிடச் சிறந்தது என்று வாதிட முடியாது. பெரிய மூலக்கூறுகள் அளவினாலேயே அதிக மதிப்பெண் வாங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. மேலே வந்த ஐம்பது, நூறு மருந்துகளைப் பைமால் என்னும் முப்பரிமாணக் காட்சி மென்பொருளில் திறந்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். நொதியின் செயல்மையத்தைத் தொடாமல் ஓரத்தில் தொங்குவனவற்றை நீக்குங்கள். எஞ்சியவற்றைக் குரோமாக்ஸ் மென்பொருளில், அணுக்களின் அசைவைக் கணிக்கும் இயக்கவியல் சிமுலேஷனுக்கு உட்படுத்தினால், நிலையாக நிற்காமல் குழியைவிட்டு நழுவுபவை வெளிப்பட்டுவிடும்.

பலர் கைவிட்டுவிடும் கட்டம் இனிமேல்தான் வருகிறது. தேவைப்படும் செறிவு மனித இரத்தத்தில் எட்டக்கூடியதா என்று பாருங்கள்: ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டின் சோதனைக்குழாயில் கோவிட் வைரஸைத் தடுத்த செறிவு, வழக்கமான மாத்திரை அளவில் இரத்தத்தில் கிடைப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். நேர்மின்னூட்டமும் கொழுப்பில் கரையும் பகுதியும் கொண்ட மருந்துகள், இலக்கோடு தொடர்பில்லாமல் செல்லுக்குள் கொழுப்புத் தேக்கத்தை உண்டாக்கியே வைரஸைத் தடுப்பதுபோல் காட்டக்கூடும் என்று 2021இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அத்தகையவற்றைத் தனியே குறித்துவையுங்கள். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் குரங்குச் சிறுநீரகச் செல்களில் வேலை செய்தது, மனித நுரையீரல் செல்களில் செய்யவில்லை, ஏனெனில் வைரஸ் அங்கே வேறு நுழைவழியைப் பயன்படுத்துகிறது. 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெக்கவரி' என்னும் பெரிய மருத்துவச் சோதனையும் அது இறப்பைக் குறைக்கவில்லை என்று அறிவித்தது.

வைரஸ் புரதத்தை மட்டுமே குறிவைக்க வேண்டும் என்பதுமில்லை. முடக்குவாத மருந்தான பாரிசிட்டினிப், நோய்–புரதம்–மருந்துத் தொடர்புகளை வலைப்பின்னலாகத் தேடிய மென்பொருளால் 2020 பிப்ரவரியில் சுட்டிக்காட்டப்பட்டு, பின்னர் மருத்துவச் சோதனைகளிலும் தேறியது; கடும் அழற்சியை அடக்குவதே அதன் முதன்மைப் பயன்.

இறுதிப் பட்டியலில் பத்து, பதினைந்து பெயர்கள் இருந்தால் போதும். எபோலா, நிபா போன்றவற்றின் உயிருள்ள வைரஸை நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில்தான் கையாள முடியும், அங்கே இடம் கிடைப்பதும் அரிது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இலக்கு, மதிப்பெண், அமர்ந்த நிலையின் படம், இரத்தத்தில் எட்டும் உச்சச் செறிவு ஆகியவற்றை எழுதி ஆய்வகத்தாரிடம் கொடுத்து, வைரஸைத் தடுக்கும் செறிவோடு செல்லைக் கொல்லும் செறிவையும் சேர்த்தே அளக்குமாறு கேளுங்கள்.