சென்சார் எண்ணை நம்பாதீர்கள், பெயரைத் தேடுங்கள்

லினக்ஸில் சிபியு வெப்பத்தைப் படிக்கும் ஸ்கிரிப்டில் சென்சார் கோப்புறையை 'ஹெச்டபிள்யூமான்2' என்று எண்ணோடு நேரடியாக எழுதாதீர்கள். சென்சார் அளவுகளை லினக்ஸ் காட்டும் சிஸ் அடைவில் உள்ள ஒவ்வொரு ஹெச்டபிள்யூமான் கோப்புறையிலும் 'நேம்' என்றொரு கோப்பு இருக்கும். அதில் இன்டெல் என்றால் 'கோர்டெம்ப்', புதிய ஏஎம்டி என்றால் 'கே10டெம்ப்' எங்கே இருக்கிறது என்று ஒரு சிறு லூப் போட்டுத் தேடி, அந்தக் கோப்புறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்சார் டிரைவர்கள் ஏறும் வரிசையில்தான் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இந்தக் கோப்புறைகளுக்கு எண் கொடுக்கிறது. கர்னலைப் புதுப்பித்தாலோ புதிதாக ஒரு என்விஎம்இ டிஸ்க் (வேகமான எஸ்எஸ்டி வகை) போட்டாலோ வரிசை மாறலாம். அப்போது பிழை எதுவும் வராது. டிஸ்க்கின் வெப்பத்தை சிபியு வெப்பம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், அதுதான் வம்பு. கோப்புறையிலிருந்து கிடைக்கும் வெப்ப மதிப்பை 1000ஆல் வகுக்க வேண்டும்: 45000 என்றால் 45 டிகிரி செல்சியஸ்.

ஒரே வகை சாதனம் இரண்டு இருந்தால் இது உதவாது. இரண்டு என்விஎம்இ டிஸ்க்குக்கும் பெயர் ஒன்றே. கோப்புறைக்குள் இருக்கும் 'டிவைஸ்' இணைப்பு எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் இந்தத் தொல்லை இல்லை. கோர்டெம்ப் அல்லது ஏஎம்டிடெம்ப் மாட்யூலை ஏற்றினால் ஒவ்வொரு கோரின் வெப்பமும் கர்னல் மதிப்புகளைக் காட்டும் சிஸ்சிடிஎல் கட்டளையில் வந்துவிடும். அதன் உறவான ஓபன்பிஎஸ்டியில் பெரும்பாலும் மாட்யூல் ஏற்றுவதுகூட வேண்டாம்.