ரசம் சாதத்தில் மட்டும் இருமல்

தொண்டைப் புற்றுநோய்க்கு 35 முறை கதிர்வீச்சு முடிந்து இரண்டு மாதத்தில் அப்பா கஞ்சியை நிதானமாக விழுங்கினார். ரசம் சாதம் என்றால் மட்டும் வாய்க்கு வாய் புரையேறியது. காரம்தான் என்று மிளகைக் குறைத்தோம். பிறகு ரசத்தை இன்னும் தாராளமாக ஊற்றினோம்; இருமல் கூடியதுதான் மிச்சம். பத்து நாள் போனது.

விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளர் எக்ஸ்ரே வீடியோவில் காட்டினார்: அப்பா சாதத்தை மெல்லும்போதே ரசம் தனியாகப் பிரிந்து, முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்ப் பக்கம் ஓடியது. சரி என்று சாதத்தையும் ரசத்தையும் மிக்ஸியில் ஒரே பதமாக அரைத்தோம். கரண்டியைச் சாய்த்தால் ஓரத்தில் நீர் கசியக் கூடாது, அதுதான் அளவு. தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொன்னார் (இது எல்லோருக்கும் பொருந்தாது, பரிசோதித்த பிறகே சொல்வார்கள்). அன்று ஒரு கிண்ணம் இருமலே இல்லாமல் இறங்கியது. எங்களுக்கு உயிர் வந்தது.