கொம்பியூட்டர் கொதிக்குதெண்டு உடனே பேஸ்ட் வாங்க ஓடாதீங்க

கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா எங்கட பக்கம் பகல்ல ரூமுக்குள்ளயே 33, 34 டிகிரி நிக்கும். அந்த நாளையில காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை எண்டு எங்க போனாலும் ஒரே கதைதான், கொம்பியூட்டர் சூடாகி தானா ஓஃப் ஆகுது. ஓஃப் ஆனதும் ஆக்கள் செய்யிற முதல் வேலை, கொம்பியூட்டர்ட மூளையான சிபியுவுக்கும் அதுக்கு மேல பேனோட இருக்கிற கூலருக்கும் நடுவுல பூசுற தேர்மல் பேஸ்ட் வாங்கிறது, அதுக்கும் சரிவராட்டி பெரிய கூலர் ஒண்டு வாங்கிறது, அதுக்கும் சரிவராட்டி மதர்போட் போயிட்டு எண்டு சொல்லி புதுசு தேடுறது. சூடு எண்டது காய்ச்சல் மாதிரி, வேற எங்கயோ பழுதெண்டு காட்டுற அடையாளம், அந்தப் பழுது எங்கெண்டு பாக்காம காசக் குடுக்கிறதுதான் எல்லாத்துலயும் பெரிய பிழை.

முதல்ல சூட்ட அளந்து பாருங்க. கேஸிங்க கையால தொட்டுப் பாத்து "சுடுது" எண்டு சொல்றதுல ஒண்டும் விளங்காது. கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ இன்ஃபோ எண்ட சூடு காட்டுற சொஃப்ட்வெயார் ரெண்டும் காசில்லாம எடுக்கலாம், போட்டு சும்மா இருக்கக்குள்ள எவ்வளவு, கேம் ஓடக்குள்ள எவ்வளவு எண்டு பாருங்க. எங்கட வெக்கைக்கு சும்மா இருக்கக்குள்ள 45, 50 காட்டினா பயப்படத் தேவையில்ல, ரூம் 10 டிகிரி கூடினா சிபியுவும் கிட்டத்தட்ட அந்த 10 டிகிரி கூடத்தான் செய்யும், எந்தப் பேனும் ரூம் சூட்ட விடக் கீழ கொண்டுபோகாது. இன்டெல் சிபியு கனக்கதுக்கு எல்லை 100 டிகிரி, ஏஎம்டி செய்யிற ரைசன் சிபியுவுல 5000 வரிசையில கூடுதலானதுக்கு 90, 7000 வரிசையில கூடுதலானதுக்கு 95. அந்த 7000 வரிசை முழு வேலை செய்யக்குள்ள 95 வரைக்கும் போறது அது செஞ்ச விதமே அப்பிடி, அதப் பாத்து பயந்து கூலர் மாத்தின ஆக்களும் இருக்காங்க. இன்னொண்டு, எல்லைக்கு வந்த உடனே சிபியு ஓஃப் ஆகாது, முதல்ல தன்ட வேகத்தக் குறைக்கும், அதால திடீரெண்டு எல்லாம் இழுபட்டு ஓடுதெண்டா அதுதான் முதல் எச்சரிக்கை. மறுகா, 60 டிகிரில நிக்கக்குள்ளயே டக்கெண்டு ஓஃப் ஆனா அது சிபியு சூடே இல்ல, பவர் சப்ளைய, கரண்ட பாருங்க.

எவ்வளவு நேரத்துல சூடாகுதெண்டு பாக்காம விடுறது அடுத்த பிழை, எனக்கெண்டா இதுதான் எல்லாத்த விடவும் பெரிய துப்பு. ஓன் பண்ணி ஒரு நிமிசத்துக்குள்ள விண்டோஸ் வாறதுக்கு முன்ன வாற பயோஸ் திரையிலயே 90 தாண்டுதெண்டா தூசியால அவ்வளவு வேகமா ஏறாது, கூலர் சிபியு மேல ஒழுங்கா உக்காரல்ல. இன்டெல் பெட்டியோட வாற கூலருக்கு நாலு மூலையிலயும் பிளாஸ்டிக் பின் இருக்கு, மேல இருந்து பாத்தா நாலும் இறங்கின மாதிரிதான் தெரியும், பேனும் நல்லாத்தான் சுத்தும், ஆனா மதர்போட்டக் கிறுக்கி பின்பக்கம் பாத்தா மூணு பின்னுலதான் கறுப்பு ஊசி வெள்ளைக் கால விரிச்சுக்கொண்டு வெளிய வந்திருக்கும், நாலாவது வெளிய வராம பாதியில நிக்கும். அந்த ஒரு மூலை ஒரு மயிரிழை தூக்கி நிண்டாப் போதும், எவ்வளவு விலை கூடின பேஸ்ட் போட்டும் சூடு இறங்காது. புதுக் கூலரெண்டா அடியில ஒட்டியிருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளக் கழட்டினதா எண்டும் பாருங்க, அதோடயே பூட்டினதும் உண்டு.

மெதுவா இருபது முப்பது நிமிசத்துல ஏறினா தூசி, காஞ்ச பேஸ்ட், காத்தோட்டம். கேம் போட்டா மட்டும் சூடாகுதெண்டா கிராஃபிக்ஸ் காட்டப் பாருங்க. தண்ணிக் கூலர் வச்சிருக்கிறவங்க, சிபியு கொதிக்குது ஆனா ரேடியேட்டர் குளிரா இருக்கெண்டா பம்ப் நிண்டிருக்கும்.

பேஸ்ட் மாத்தத்தான் வேணுமெண்டா ஒரு பயறு அளவு நடுவுல வைங்க போதும், கூட வச்சா கூட குளிரும் எண்டு அப்பாதீங்க. ஏஎம்4 எண்ட சொக்கெட் உள்ள மதர்போட்டுல ரைசன் இருந்தா கூலர நேரா மேல இழுக்கவே வேணாம், காஞ்ச பேஸ்ட் பிடிச்சுக்கொண்டு சிபியுவும் சொக்கெட்ட விட்டு சேந்து வந்துரும், பின் வளைஞ்சா சிபியுவே போச்சு. கொஞ்ச நேரம் ஓடவிட்டு சூடாக்கி, ஓஃப் பண்ணி, பிளக்கக் கழட்டி, கூலர இடமும் வலமும் மெல்லக் கிறுக்கி எடுங்க.

துப்புரவாக்கிறதுல நடக்கிற பிழைகள் கனக்க. புளோவரால அடிக்கக்குள்ள பேன் விர்ரெண்டு சுத்தும், பாக்க நல்லாயிருக்கும், ஆனா அளவுக்கு மிஞ்சிச் சுத்தி பெயரிங் தேயும், மோட்டரே கரண்ட் எடுத்து மதர்போட்டுக்குள்ள அனுப்பும், அதால சிறக ஒரு விரலால பிடிச்சுக்கொண்டு அடிங்க. வீட்டு வக்கியூம் கிளீனர மதர்போட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீங்க, அதுல ஸ்டேட்டிக் வரும். ஈரத்துணி, பெற்றோல் ரெண்டும் வேணாம், ஐசோபுரொப்பைல் அல்ககோல் போதும். கல்லடி, பாசிக்குடா, திருக்கோவில் மாதிரிக் கடக்கரையோரம் இருக்கிற வீடுகள்ல தூசியோட உப்பும் சேந்து படியும், மாரி மழை தொடங்கினதும் அது ஈரத்த இழுத்து, ரேம் காலெல்லாம் மங்கி, பேன் பெயரிங்கும் இறுகிப்போகும், அப்பிடி இருக்கிறவங்க வருசத்துக்கொருக்காப் பாத்தாக் காணாது, கச்சானுக்கு முன்ன ஒருக்கா, மாரிக்கு முன்ன ஒருக்காத் திறந்து பாருங்க.

கேஸிங் கதவக் கழட்டி மேசை பேன வச்சு அடிக்கிறத நான் பிழையெண்டு சொல்லல்ல, சோதிச்சுப் பாக்க அது நல்ல வழி. கதவு திறந்ததும் 10 டிகிரிக்கு மேல இறங்கினா உள்ளுக்கு காத்து வரல்ல எண்டு விளங்கும், ஒண்டும் மாறல்லயெண்டா கூலரப் பாக்கணும். ஆனா அதயே நிரந்தரமா விட்டா எறும்பு, பல்லி, முத்தத்து மணல் எல்லாம் உள்ள போகும். முன்னால உள்ள பேன் இழுக்கணும், பின்னால உள்ளது தள்ளணும். பேன்ட மோட்டரப் பிடிச்சிருக்கிற சட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தாலதான் காத்து வெளிய வரும், கனக்கப் பேர் ரெண்டு பேனையும் உள்ளுக்கு அடிக்கிற மாதிரிப் பூட்டியிருப்பாங்க.

ஓன் பண்ணக்குள்ள 'சிபியு பேன் எரர்' எண்டு வந்தா எஃப் 1 அமத்திட்டுப் போகாதீங்க. பேன் நிண்டிருக்கும், இல்லாட்டி வயர் வேற இடத்துல குத்தியிருக்கும், சிபியு பேன் எண்டு எழுதின இடத்துலதான் குத்தோணும்.

பவர் சப்ளைய தயவுசெஞ்சு வீட்டுல திறக்காதீங்க. இது 230 வோல்ட் வேலை, பிளக்கக் கழட்டினாலும் உள்ள கெப்பாசிட்டர்ல உயிருக்கு ஆபத்தான கரண்ட் கொஞ்ச நேரம் நிக்கும். கேஸிங்கத் தொடக்குள்ள சுள்ளெண்டு அடிக்குதா, எர்த் இல்ல, மூணு பின் பிளக்க ரெண்டு பின் அடப்டருக்குள்ள போட்டிருக்கீங்களா எண்டு பாருங்க, வீட்டு வயரிங்க எலக்ட்ரீசியன் ஒருத்தர வச்சுப் பாருங்க, கொம்பியூட்டர் மறுகா பாக்கலாம். மதர்போட்டுல கெப்பாசிட்டர் தலை உப்பி இருந்தா பேஸ்டும் பேனும் அதுக்கு மருந்தில்ல, கெப்பாசிட்டர் மாத்தத் தெரிஞ்சவர்ட்டக் குடுங்க.

கடைக்குக் கொண்டுபோறதெண்டா "சூடாகுது" எண்டு மட்டும் சொல்லிக் குடுக்காம, சும்மா இருக்கக்குள்ள எத்தின டிகிரி, வேலை செய்யக்குள்ள எத்தின, எவ்வளவு நேரத்துல ஓஃப் ஆகுது எண்டு ஒரு துண்டுல எழுதிக் கேஸிங்ல ஒட்டிக் குடுங்க, மாத்தின பழைய சாமானத் திருப்பித் தரச் சொல்லியும் கேளுங்க.