'செகோந்தோ லேயி?': பலெர்மோவில் காலநிலையைக் கேட்டுக் கதை தொடங்க

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வரும் நம்மவர்களில் நிறையப் பேருக்கு முதலில் கிடைப்பது வீட்டு வேலை, இல்லாவிட்டால் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலையில் கதவு திறந்ததும் சிஞ்ஞோராவோடு, அதாவது வீட்டு அம்மாவோடு, இத்தாலிய மொழியில் கதைக்க ஏதாவது வேண்டும். அதற்குக் காலநிலைதான் லேசு. ஆனால் 'ஃபா கால்தோ', வெக்கையாக இருக்கிறது என்று நீங்களே சொல்லி முடித்தால், அவர் 'ஸி', ஆம் என்பதோடு கதை நின்றுவிடும். அவருடைய அபிப்பிராயத்தைக் கேளுங்கள்.

'செகோந்தோ லேயி, ஓஜ்ஜி பியோவே?' உங்கள் அபிப்பிராயத்தில் இன்றைக்கு மழை வருமா? முதல் இரண்டு சொல்லையும் பாடமாக்குங்கள். பின்னால் எந்தக் கேள்வியையும் போடலாம். 'லேயி' மரியாதைச் சொல். பெரியவர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் அதுதான். கூட வேலை செய்யும் சம வயதுக்காரரிடம் 'செகோந்தோ தே' போதும். சிஞ்ஞோராவே ஒருநாள் 'தாம்மி தெல் து' என்பார். நீ என்றே சொல்லலாம் என்று அர்த்தம். அதுவரை பொறுங்கள்.

பதில் 'செகோந்தோ மே ஸி' அல்லது 'செகோந்தோ மே நோ' என்று வரும், என் அபிப்பிராயத்தில் ஆம் அல்லது இல்லை என்று. சிலர் தோளைக் குலுக்கி 'போ' என்பார்கள். மனம் நோக வேண்டாம், 'யாருக்குத் தெரியும்' என்கிறார், அவ்வளவுதான்.

பொதுவாகக் கேட்க, 'கே நே பென்சா தி குவெஸ்தோ தெம்போ?' இந்தக் காலநிலை பற்றி என்ன நினைக்கிறீர்கள்? கோடையில் கேட்டால் 'நொன் சே நே புவோ ப்யூ' என்பார்கள், இனித் தாங்க முடியாது என்று. பிறகு உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். அப்போது 'ஓ கால்தோ' என்று சொல்லுங்கள், எனக்கு வெக்கையாக இருக்கிறது. 'சோனோ கால்தோ' மட்டும் வேண்டாம், அது வேறு மாதிரி விளங்கும். உங்கள் ஊரில் இதைவிட வெக்கையா என்று நிச்சயம் கேட்பார்கள். 'ஃபா கால்தோ துத்தோ லான்னோ' என்று சொல்லுங்கள், வருடம் முழுக்க வெக்கைதான்.

சிசிலியில் கதை நீள வேண்டுமென்றால் ஷிரோக்கோ பற்றிக் கேளுங்கள். சகாராவிலிருந்து வரும் சூட்டுக் காற்று அது. அடித்து ஓய்ந்தால் பால்கனியிலும் கார்க் கண்ணாடியிலும் செம்மண் தூசி படிந்திருக்கும், காயப்போட்ட துணியைத் திரும்பத் தோய்க்க வேண்டும். பழைய பணக்கார வீடுகளில் இந்தக் காற்றுக்குத் தப்பி இருக்கவே நிலத்துக்குக் கீழே குளிர்ச்சியான அறை வெட்டி வைத்திருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராக்கூசா பக்கம் 48.8 பாகை வெப்பம் பதிவானது; ஐரோப்பாவிலேயே அதிகம் என்று உலக வானிலை அமைப்பு பிறகு உறுதிசெய்தது. அந்தக் கோடையைப் பற்றி வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். காது மொழிக்குப் பழகுவது அப்படித்தான்.

வட இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா பக்கம் போய்க் குடியேறுபவர்களுக்கு ஷிரோக்கோ உதவாது. அங்கே குளிர்கால மூடுபனி, 'நெப்பியா'தான் பேச்சு.

ஒன்று மட்டும் அபிப்பிராயம் கேட்கும் விஷயமல்ல. 'அல்லெர்த்தா ரோஸ்ஸா', அதாவது சிவப்பு எச்சரிக்கை வந்தால் நகர மேயர் பள்ளிக்கூடங்களை மூட உத்தரவிடலாம். பிள்ளைகள் இருந்தால் முதல்நாள் இரவே நகரசபை அறிவிப்பைப் பாருங்கள்.