ஏஐ கேமரா மாட்டியாச்சு, இனி ரோபோவுக்கு வேலி எதற்கு என்று கேட்பவர்களுக்கு

வெண்டர் காட்டும் டெமோவில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். கோபாட் (மனிதர் பக்கத்திலேயே நின்று வேலை செய்யும் ரோபோ) போல்ட் முடுக்கிக்கொண்டிருக்கும், ஒருவர் பக்கத்தில் வந்ததும் மேலே இருக்கும் கேமரா அவரைக் கண்டுபிடிக்கும், ரோபோ தானாக வேகத்தைக் குறைக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிற சேஃப்டி ஸ்கேனரையும் (ஆள் நெருங்கினால் ரோபோவை நிறுத்தும் கருவி) வேலியையும் கழற்றுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

ஸ்கேனருக்கு ஏதாவது கோளாறு வந்தால் அது ரோபோவை நிறுத்திவிடும், அதன் அமைப்பே அப்படி. ஏஐ மாடல் தவறும்போது என்ன செய்யும் தெரியுமா? 'இங்கே யாரும் இல்லை' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரும். 2023 நவம்பரில் தென்கொரியாவின் தெற்கு கியோங்சாங் மாகாணத்தில், குடைமிளகாய்ப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஒரு ரோபோ, சென்சாரைச் சோதிக்க வந்த தொழிலாளியைப் பிடித்து அழுத்தியதில் அவர் இறந்துபோனார். பெட்டிக்கும் ஆளுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை என்றே செய்திகள் வந்தன. அது கோபாட் இல்லை, சாதாரணத் தொழிற்சாலை ரோபோதான், ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

நேரக் கணக்கையும் பலர் போடுவதில்லை. மனிதர் நடந்து வரும் வேகத்தைப் பாதுகாப்புத் தரநிலைகள் நொடிக்கு 1.6 மீட்டர் என்று எடுத்துக்கொள்கின்றன. கேமரா படம் எடுத்து, மாடல் யோசித்து, கட்டளை போய்ச் சேர அரை நொடி ஆனால் அதற்குள் ஆள் 80 செ.மீ. உள்ளே வந்திருப்பார், ரோபோ நிற்க இன்னொரு அரை நொடி என்றால் 1.6 மீட்டர். உங்கள் லைனில் அவ்வளவு இடம் இருக்கிறதா? ஆகவே ஏஐ முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கட்டும், நிறுத்தும் பொறுப்பு சான்றிதழ் பெற்ற ஸ்கேனரிடமும் சேஃப்டி பிஎல்சியிடமும் (பாதுகாப்புக்கென்றே உள்ள கட்டுப்பாட்டுக் கணினி) இருக்கட்டும்.

அப்புறம், 'கோபாட் என்றாலே பாதுகாப்பானது' என்ற நினைப்பு. 2016-ல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற கோபாட் பாதுகாப்பு ஆவணம் உடம்பின் 29 இடங்களுக்குத் தனித்தனியாக வரம்பு வைத்திருக்கிறது: ரோபோ அழுத்திப் பிடிக்கும்போது உள்ளங்கை, விரல்களுக்கு 140 நியூட்டன் (விசையின் அலகு) வரை, முகத்துக்கு 65 மட்டுமே. உட்கார்ந்து வேலை செய்பவரின் முகம் எந்த உயரத்தில் வருகிறது என்று பார்க்காமல் ரோபோ கையின் பாதையை அமைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். அதோடு, விசைக்கு மட்டுமல்ல, அழுத்தத்துக்கும் தனி வரம்பு உண்டு. ரோபோ கை எவ்வளவு மென்மையாக இருந்தாலும், அதன் நுனியில் ஸ்க்ரூ பிட்டோ கூரான தகடோ இருந்தால் அதே விசை ஒரு புள்ளியில் போய்க் குத்தும். எனவே கிரிப்பரை (நுனியில் பொருளைப் பிடிக்கும் பாகம்) மாற்றினால் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மாடலுக்குக் காட்டிய படங்களும் முக்கியம். பகல் ஷிஃப்டில், நீலச் சீருடையில் எடுத்த வீடியோவை மட்டும் கொடுத்துப் பழக்கிவிட்டு, இரவில் மங்கலான வெளிச்சத்தில் மழைக்கோட்டோடு வரும் ஒப்பந்தத் தொழிலாளியை அது கண்டுபிடிக்கவில்லையே என்று ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை.

எந்த வேலையைக் கொடுக்கிறோம் என்பதிலும் கோட்டை விடுகிறார்கள். டெஸ்லா தன் பேட்டரி பேக் மேல் வைக்கும் ஃபைபர்கிளாஸ் மேட்டை எடுத்து வைக்க ரோபோவை விட்டுப் பார்த்தது. பஞ்சு மாதிரி மெத்தென்ற துண்டைப் பிடிக்க முடியாமல் அது லைனையே தாமதப்படுத்தியது. 2018 ஏப்ரலில், அளவுக்கு மீறி ஆட்டோமேஷன் செய்தது தவறு என்று எலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார். வளையும், நெளியும் பொருள் என்றால் இன்றைக்கும் மனிதக் கைதான்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. ஏஐ ஒவ்வொரு முறையும் 'சிறந்த' பாதையைக் கணக்கிட்டு ரோபோவை வெவ்வேறு வழியில் ஓட்டினால், பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டருக்கு அது அடுத்து எங்கே வரும் என்று தெரியாது. நாள் முழுக்க ஒரு கண்ணை அதன் மேலேயே வைத்திருப்பார், சீக்கிரம் களைத்துப்போவார். சைக்கிள் டைம் (ஒரு சுற்று வேலைக்கு ஆகும் நேரம்) கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, பாதை ஒன்றாகவே இருக்கட்டும்.

சும்மா சும்மா நிற்கும் ரோபோவை ஆபரேட்டர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்பது எந்த சூப்பர்வைசருக்கும் தெரியும்: சென்சார் மேல் டேப் ஒட்டுவார்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன் ரோபோவின் லாக்கை (அது தானாகப் பதிந்து வைக்கும் குறிப்பு) எடுத்துப் பாருங்கள், எந்த ஷிஃப்டில், எந்த இடத்தில், எதற்காக நின்றது என்று. ஃபோர்க்லிஃப்ட் போகும் பாதை ஸ்கேனர் எல்லைக்குள் வருகிறதா, பொருள் வைக்கும் டிரே தள்ளி இருக்கிறதா என்பதையெல்லாம் ஆயிரக்கணக்கான பதிவுகளிலிருந்து பொறுக்கி எடுக்க ஏஐ நன்றாகவே உதவும். டேப் ஒட்டியவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள், பாதிக் காரணம் அவரிடமே கிடைத்துவிடும்.